கேட் பூட்டும்வரை தூங்காத விளக்கு

சைக்கிள் விளக்குகள், தாங்கள் வளர்ந்த வீட்டில் எல்லோரும் எப்போது படுக்கிறார்களோ அப்போதே தூங்கிவிடும். அதனால் கோவையில் புறப்பட்டுப் பல்லடம், தாராபுரம், உடுமலை, பொள்ளாச்சி என்று சுற்றித் திரும்பும் ராப்பயணத்துக்குப் போகிறவர்கள் விளக்கு வாங்கக் கடைக்குப் போவதில்லை. வீடு வீடாகப் போவார்கள். பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும் என்று யாரும் கேட்பதில்லை. உங்கள் வீட்டில் எப்போது படுப்பீர்கள் என்றுதான் கேட்பார்கள்.

வழியில் விளக்கு தூங்கிவிட்டால் ஓட்டுகிறவரும் அங்கேயே இறங்கி, அதன் பக்கத்தில் படுத்துவிட வேண்டும். தூங்குகிற விளக்கை எழுப்புவது நாகரிகமில்லை. மூன்று முறை அப்படி வழியில் படுத்தவர்களைச் சைக்கிள் சங்கம் தூக்கப் பிரிவுக்கு மாற்றிவிடும். அந்தப் பிரிவுக்குத் தலையணை கொடுப்பார்கள், சைக்கிளை வாங்கிக்கொள்வார்கள்.

சுகிர்தா இரண்டு முறை படுத்தாகிவிட்டது. விருதுநகரிலிருந்து வேலைக்கு வந்து, பீளமேட்டில் ஒரு வீட்டு மாடியில் தனியாகக் குடியிருக்கிறாள். மோட்டார் பம்ப் கம்பெனியில் வரைபடம் போடுகிற வேலை. ஒரே ஒரு முறையாவது சைக்கிள் சீட்டில் உட்கார்ந்தபடி சூரியன் உதிப்பதைப் பார்த்துவிட வேண்டும் என்பது அவள் ஆசை. போன வருஷம் அவள் வாங்கிய விளக்கு, சீக்கிரம் தோசை சாப்பிட்டுவிட்டுப் படுக்கிற ஒரு நல்ல குடும்பத்தில் வளர்ந்தது. பல்லடம் தாண்டுவதற்குள் கொட்டாவி விட்டுவிட்டது. ஒரு கோழிப்பண்ணை வாசலில் விடிய விடியப் படுத்திருந்தாள். சேவல்கள் கூவியபோது சூரியன் பண்ணைக்குப் பின்னால் இருந்தது.

இந்த முறை பழத்தட்டோடு, முறையாக, நான்கு வீடுகளுக்குப் போனாள். விளக்கைத் துடைத்துக் கூடத்துக்குக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். மருத்துவத் தேர்வுக்குப் படிக்கிற பையன் இருந்த வீட்டில் விளக்கு நன்றாகத்தான் எரிந்தது. ஆனால் இடையிடையே தலை தொங்கிப் போய், திடுக்கிட்டு நிமிர்ந்தது. கைக்குழந்தை வீட்டு விளக்கு எப்போது விழிக்கும், எப்போது தூங்கும் என்று அந்தத் தாய்க்கே தெரியவில்லை. அமெரிக்கக் கம்பெனிக்கு வேலை பார்க்கிற வீட்டு விளக்கு இரவெல்லாம் விழித்திருக்கும், சனிக்கிழமை இரவு மட்டும் அடித்துப் போட்டாற்போல் தூங்கும். பயணம் சனிக்கிழமை. பாகப்பிரிவினை முடியாத அண்ணன் தம்பி வீட்டு விளக்கு தூங்குவதே இல்லை. ஆனால் விளக்கை மட்டும் ஆளுக்குப் பாதி என்று பேசி முடித்திருந்ததால், சாலையின் இடப்பக்கத்தை மட்டும்தான் காட்டுவேன் என்றது.

தட்டைத் தூக்கிக்கொண்டு வெறுங்கையாய்த் திரும்பும்போது நேரமாகிவிட்டது. வீட்டுக்காரர் தெய்வசிகாமணி கேட் ஓரமாக நாற்காலி போட்டு, மடியில் சாவிக்கொத்தோடு உட்கார்ந்திருந்தார். குடியிருப்பவர்களில் கடைசி ஆள் உள்ளே வந்த பிறகுதான் கேட்டைப் பூட்டுவார். பூட்டிவிட்டால் எமனே வந்து தட்டினாலும் திறக்க மாட்டார். கடைசி ஆள் எப்போதும் சுகிர்தாதான்.

"ஏனம்மிணி, இந்நேரத்துக்கு எங்க போய்ட்டு வர்றே?"

அவள் கேட் தூணில் இருந்த சின்ன விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவில் மற்ற எல்லாம் தூங்கியிருக்க, அது மட்டும் அவளை மேலும் கீழும் பார்த்தது.

"சார், இது எப்ப தூங்கும்?"

"நாந் தூங்கறப்ப தூங்கும். நீ உள்ள வராம நாந் தூங்கறதில்லெ. இதென்ன கேள்வி?"

அவள் விஷயத்தைச் சொல்லி அந்த விளக்கைக் கேட்டாள். விடியும்போதுதான் திரும்புவேன் என்பதையும் மறைக்கவில்லை. தெய்வசிகாமணி சாவிகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். "அப்ப நானும் விடியற வரைக்கும் உக்கோந்திருக்கோணுமாக்கும்" என்றார். பிறகு ஏணி எடுத்துவர எழுந்தார்.

சனிக்கிழமை பொழுது சாய்ந்ததும் புறப்பட்டாள். பல்லடத்திலேயே பாதிப் பேர் படுத்துவிட்டார்கள். தாராபுரம் காற்றாலைகளின் கீழே மிச்சப் பேரும் விளக்கைக் கட்டிக்கொண்டு குறட்டை விட்டார்கள். யாரையும் மிதித்துவிடாமல் சுற்றிப் போனாள். கேட் விளக்கு கண்ணைச் சிமிட்டக்கூட இல்லை.

உடுமலையை நெருங்கும்போது அவளுக்கு மனசு கேட்கவில்லை. வீட்டுக்காரருக்குச் சர்க்கரை, இரத்தக் கொதிப்பு இரண்டும் உண்டு. ராத்தூக்கம் கெடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தன் ஒருத்தியின் ஆசைக்கு அவரை நாற்காலியில் உட்காரவைத்தது பெரிய பாவமாகப் பட்டது. போன் போட்டுப் படுக்கச் சொன்னால் விளக்கு தூங்கிவிடும், சைக்கிளும் போய்விடும். ஒரு புளியமரத்தடியில் நிறுத்திப் போன் போட்டாள்.

"சார், நீங்க கேட்டைப் பூட்டிட்டுப் படுங்க. நான் எப்படியாவது சமாளிச்சுக்கிறேன்."

விளக்கு ஊதுபத்தி நுனி அளவுக்குச் சுருங்கியது. சுகிர்தா படுப்பதற்கு மேடு பள்ளமில்லாத இடமாகத் தேட ஆரம்பித்தாள்.

"நல்லாருக்குதே கதை" என்றார் தெய்வசிகாமணி. "நீ ரோட்டுல கெடக்கறப்ப எனக்கெப்புடித் தூக்கம் வரும்? பேச்சை விட்டுப்போட்டு மிதி அம்மிணி."

விளக்கு பளீரென்று எரிந்தது. எதிரே வந்த லாரிக்காரர் தன் விளக்கைத் தாழ்த்திக்கொண்டு, கண்ணுக்கு மேல் கையை வைத்தபடி போனார். இந்த ஊருக்கு வந்ததிலிருந்து தனக்காக யாரும் காத்திருக்கவில்லை என்று அவள் நினைத்திருந்தாள். அது தப்பு என்று தெரிந்ததில் வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது, மிதிப்பதும் சுலபமாக இருந்தது.

கிணத்துக்கடவு தாண்டியதும் வலப்பக்கம் சூரியன் எழுந்தது. சீட்டில் உட்கார்ந்தபடியே முழுதாகப் பார்த்தாள். இவ்வளவு நேரம் யாரும் தன்னைப் பார்த்ததில்லையோ என்னவோ, அது அவளோடு சேர்ந்தே வந்தது. ஊருக்குள் நுழைந்ததும் சந்து பொந்துகளில் கொஞ்சம் பின்தங்கிவிட்டது.

இந்தப் பயணம் அவரவர் வீட்டு வாசலில்தான் முடியும். அவள் சைக்கிளை உள்ளே தள்ளினாள். "வந்தாச்சா" என்று தெய்வசிகாமணி எழுந்தார், கேட்டைப் பூட்டினார், சாவியை இடுப்பில் செருகினார், நாற்காலியிலேயே தூங்கிப்போனார். அவள் கையிலிருந்த விளக்கும் அதே நொடியில் தூங்கியது. வாசலில் இருட்டு.

சற்றுப் பொறுத்துக் கேட் மெல்ல ஆடியது. கம்பிக்கு வெளியே சூரியன் நின்றுகொண்டிருந்தது.

சுகிர்தா வீட்டுக்காரரைப் பார்த்தாள். நல்ல தூக்கம். குடிவந்த முதல் மாதம், புது ஆளைக் கணக்கில் சேர்க்க மறந்து அவர் பூட்டிவிட்ட ஒரு இரவில், அவளும் இப்படி வெளியே நின்றிருக்கிறாள். கம்பிக்கு நடுவே ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினாள்.

"எதிர்வீட்டுப் படி உட்கார வசதியா இருக்கும்" என்று சூரியனிடம் தணிந்த குரலில் சொல்லிவிட்டு, மாடிக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள்.