காலை இரண்டு மணி

வெள்ளிக்கிழமை முதல் பத்து நாள் விடுப்பு. அந்தப் பத்து நாளும் உறங்குவதைத் தவிர வேறொன்றையும் செய்வதாகச் சிகுஜுவா எண்ணியிருக்கவில்லை. சுவாஹிலி பேசும் தாங்கா நகரின் மருத்துவமனை ஒன்றுக்கும், துறைமுகத்தை அடுத்த சில அலுவலகங்களுக்கும் இரண்டாண்டுகளாக இணையப் படிவங்கள் செய்து கொடுத்துக் கண்ணும் கையும் ஓய்ந்துபோயிருந்தாள். மொத்தம் இருபத்தெட்டுப் படிவங்கள். வியாழனன்று அவற்றை ஒப்படைத்துவிட்டால் கடமை தீர்ந்தது. அன்று புதன்.

ஒவ்வொரு படிவத்தையும் தனித்தனியே எழுதப் புகுந்தால் ஆயுள் போதாது. ஆகவே பெயர் கேட்க ஒரு வார்ப்புரு, முகவரி கேட்க ஒன்று, நாள் கேட்க ஒன்று, நேரம் கேட்க ஒன்று என முன்னமே செய்து வைத்து, எந்தப் படிவமும் வேண்டியதை அழைத்துக்கொள்ளுமாறு அமைத்திருந்தாள். ஓரிடத்தில் திருத்தினால் இருபத்தெட்டிலும் திருந்தும். தன் வேலையில் அவளுக்குப் பெருமை என்று ஏதேனும் எஞ்சியிருந்தால் அது இந்த ஒன்றுதான்.

நண்பகல் தொழுகைக்கான அழைப்பு ஓய்ந்த சற்றைக்கெல்லாம் கதவைத் தள்ளிக்கொண்டு ஸ்துமாய் வந்தாள். மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் பதினோராண்டாகப் பதிவெழுத்தர். கையில் மடித்த தாள் ஒன்று இருந்தது.

"சிகுஜுவா! உன் பொட்டி என் சோத்துல மண்ணள்ளிப் போட்டுடுச்சுடி!"

"உக்காருங்கக்கா. மொதல்ல தண்ணி குடிங்க."

"தண்ணி கெடக்கட்டும். திங்கக்கெழம காலைல ஆறு நாற்காலி. பேர் போட்டு, அவங்கவங்களுக்கு மிஷினக் கழுவி வெச்சாச்சு. பேர் இருக்கற நாலு பேரக் காணோம். பேரே இல்லாத நாலு பேரு வாசல்ல நின்னு சண்ட போடறாங்க. கேட்டா, போன்ல நாங்க காலைலதான் கேட்டோம்ங்கறாங்க. லிஸ்ட்ல மதியம்னு இருக்கு. பெரிய நர்ஸம்மா, நீதான் லிஸ்ட்டக் கொளப்பிட்டேன்னு என் மேல பாயறா. நான் தொடவே இல்லடி!"

"யாருக்காச்சும் ஏதாவது ஆச்சா?"

"ஆகாம? ஹெமேதி பெரியவரு, படகு ஓட்டினாரே, அவரு காலு ரெண்டும் வீங்கி மூச்சு வாங்க பெஞ்சுலயே உக்காந்திருந்தாரு. மதியத்துக்குள்ள சாஞ்சுட்டாரு. உசிரு இருக்கு, வார்டுல படுத்திருக்காரு. கண்ணு முழிச்சதும் திட்டினது யாரத் தெரியுமா? என்னத்தான். நாளைக்கு வெசாரண. என்ன வேலைய விட்டே அனுப்பப் போறாங்க."

சிகுஜுவா பெரியவரின் பதிவைத் திறந்தாள். பிற்பகல் இரண்டு மணி என்று தெளிவாக நின்றது. தன் படிவத்தில் பிழை இல்லை என்னும் சிறு ஆறுதல் நெஞ்சில் எழுந்ததை அவள் பிற்பாடு நினைத்து நாணினாள்.

"அவரு என்னன்னு அடிச்சாராம்?"

"ரெண்டுன்னு."

"ரெண்டுன்னுதான் பதிஞ்சிருக்கு. மதியம் ரெண்டு."

ஸ்துமாய் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "மதியத்துல ஏதுடி ரெண்டு? மதியம்னா எட்டு. ரெண்டுன்னா காலைல! நீ எந்த ஊர்க்காரி?"

சிகுஜுவாவின் விரல்கள் விசைப்பலகையின் மேல் அப்படியே நின்றன.

அவளும் அவ்வூர்க்காரிதான். விடிந்து ஒரு மணி கழிந்தால் ஒன்று, இரண்டு கழிந்தால் இரண்டு என்று கதிரவனைக் கொண்டு எண்ணும் வீட்டில் பிறந்தவள். கடிகாரத்தின் முள் எட்டில் நிற்கும்; கண் எட்டைக் காணும்; வாய் இரண்டு என்று சொல்லும். தாயிடம் பேசுகையில் அவ்வாறே பேசுவாள். கணினியின் முன் அமர்ந்ததும் ஆங்கில மணியில் எண்ணுவாள். இரு கடிகாரங்களும் ஒரே தலைக்குள் ஒன்றையொன்று அறியாமல் ஓடிக்கொண்டிருந்தன. சென்ற மாதம்வரை படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. நோயாளி காலை இரண்டு என்றால் ஸ்துமாய் தன் கையால் எட்டு என்று நிரப்பினாள். இம்மாதம் சுவாஹிலி மொழிக்கு மாற்றி நோயாளிகளின் கைபேசிக்குத் திறந்துவிட்டார்கள். சொற்களையெல்லாம் சிகுஜுவா மொழிபெயர்த்தாள். எண்களை மொழிபெயர்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

நேரம் கேட்கும் வார்ப்புருவைத் திறந்தாள். இரண்டாண்டுக்குமுன் அன்போடு எழுதிய வரி அங்கே இருந்தது. ஏழுக்குக் குறைந்த எண் வந்தால் பிற்பகல் என்று கொள்க. இரவு இரண்டு மணிக்கு யார் வரப் போகிறார்கள், மக்களை எதற்கு அலைக்கழிக்க வேண்டும் என்று எழுதியது. காலைக்காரர் இரண்டு என்றார். மதியக்காரர் எட்டு என்றார். வரி அவ்விருவரையும் ஒருவர் இடத்தில் மற்றவராக மாற்றி வைத்துவிட்டது. இரண்டுமே வார்டு திறந்திருக்கும் நேரமாதலால் எங்கும் எச்சரிக்கை எழவில்லை.

"இது என் தப்புக்கா," என்றாள்.

பக்கத்து மேசையிலிருந்த குழுத்தலைவன் ஷெகியோந்தோ நாற்காலியைத் திருப்பினான். லுஷோத்தோ மலைக்காரன், குரல் உயர்த்தி அறியாதவன். "தங்கச்சி, அவசரப்படாத. அந்த ஒரு படிவத்துல மட்டும் ரெண்ட எட்டாக்கு, எட்ட ரெண்டாக்கு. அஞ்சு நிமிஷம். நாளைக்கு ஒப்படைச்சுட்டு நீ போய்த் தூங்கு."

"மிச்சம் இருவத்தேழும் அடுத்த மாசம் சுவாஹிலிக்கு மாறுதுண்ணே."

"அப்ப பாத்துக்கலாம். அக்காவுக்கு ஒரு கடுதாசி குடுத்துடுவோம். நேரம் தவறாப் பதிவாயிடுச்சு, வருந்துகிறோம்னு. யாராலன்னு எழுத வேணாம்."

"யாராலன்னு எழுதலேன்னா, என்னாலன்னுதான் படிப்பாங்க தம்பி," என்றாள் ஸ்துமாய்.

ஐந்து நிமிடம் என்னும் சொல் சிகுஜுவாவின் செவியில் தாலாட்டைப் போல் ஒலித்தது. ஐந்து நிமிடம்; பிறகு உறக்கம். எதையாவது செய்துகொண்டிருக்க வேண்டும் என்பதற்காக ஸ்துமாயின் தாளை வாங்கிப் பிரித்தாள். மருத்துவமனையின் முத்திரையிட்ட ஓலை. வியாழனன்று காலை 2 மணிக்கு நேரில் தோன்றி விளக்கம் அளிக்கவும்.

காலை 2 மணி.

அவ்வூரில் எந்தக் காகிதமும், எந்த வாயும் எண்ணைத் தனியே விடுவதில்லை. காலை இரண்டு, பகல் எட்டு, மாலை பதினொன்று, இரவு மூன்று. பொழுதின் பெயர் எண்ணோடு சேர்ந்தே வரும். அவளுடைய படிவம் எண்ணை மட்டும் கேட்டது. குற்றம் சாட்ட வந்த தாள்கூட அவளைவிட நன்றாக எழுதப்பட்டிருந்தது.

"அந்த ஒரு படிவம் வேணாம்ணே. அடியிலயே, நேரம் கேக்கற வார்ப்புருவுலயே கை வெக்கறேன்."

"இருவத்தெட்டையும் திரும்பச் சோதிக்கணும். தெரியுமில்ல?"

"தெரியும்."

அன்புடைய அந்த வரியை அழித்தாள். முதலில் பொழுது: காலை, பகல், மாலை, இரவு. பிறகு எண். அதன் கீழே ஒரு சிறு கடிகாரம் வரைந்து, நிரப்புகிறவர் சொன்ன நேரத்துக்கு முள் எங்கே நிற்கும் என்று காட்டச் செய்தாள். ஸ்துமாயை அழைத்துத் தன் இருக்கையில் அமர்த்தினாள். அவள் ஒற்றை விரலால் காலை என்று தொட்டு, இரண்டு என்று இட்டாள். முள் எட்டுக்குப் போயிற்று.

"இத மொதல்லயே செஞ்சிருந்தா என்னடி?"

"தோணலக்கா."

"உன் அம்மா தெரிஞ்சுதான் உனக்குப் பேரு வெச்சிருக்கா." கருவுற்றிருப்பதையே ஐந்தாம் மாதம்வரை உணராத தாய், எனக்குத் தெரியாது என்று பொருள்படும் சிகுஜுவா என்னும் பெயரைப் பிள்ளைக்கு இட்டிருந்தாள். தாங்காவில் அந்தப் பகடியைச் சொல்லாதவர் இல்லை.

மாலைத் தொழுகைக்குள் சோதனை முடிந்தது. இருபத்தேழும் பச்சையாக நின்றன, ஒன்று சிவப்பு. மீன்பிடிப் படகுகள் புறப்படும் நேரத்தைப் பதியும் படிவம். படகுக்காரர் வெள்ளி இரவு எட்டு மணி என்பார்; கடிகாரத்தில் அது நள்ளிரவு கழிந்து இரண்டு. அது வியாழன் கழிந்து வெள்ளிக்கு விடியும் இரவா, வெள்ளிப் பகலுக்குப் பின் வரும் இரவா?

"வெள்ளிக்கு விடியறதுதான். இதுல என்ன சந்தேகம்?" என்றாள் ஸ்துமாய்.

"எங்க மலைல வெள்ளிக்கு அப்புறம் வர்றது," என்றான் ஷெகியோந்தோ.

"மலைல ஏது தம்பி படகு?"

அவன் வாய்விட்டுச் சிரித்தான். பின்பு சிகுஜுவாவின் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டான். படகுத்துறைக்குப் போய் நாலு பேரைக் கேட்டாலன்றி அந்தச் சிவப்பு மாறாது. ஒப்படைப்பு தள்ளும், விடுப்பும் தள்ளும். சுவரில் தொங்கிய விடுப்புப் பட்டியலில் அவள் பெயருக்கு நேரே இருந்த நாட்களை ஷெகியோந்தோ தானே எழுந்து அடித்துவிட்டு வந்து அமர்ந்தான்.

அவள் மருத்துவமனைக்குக் கடிதம் எழுதினாள். பிழை பதிவெழுத்தருடையது அன்று; நேரம் கேட்கும் வார்ப்புருவில் இரண்டாண்டுக்குமுன் நான் எழுதிய ஒரு வரியினுடையது; அந்த வரி இது, அது செய்தது இது. சுற்றி வளைக்கவில்லை, அதற்குரிய தெம்பும் அவளிடம் இல்லை. அச்சிட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்தாள்.

ஸ்துமாய் எழுத்துக் கூட்டிக் கடைசிவரை படித்தாள். அன்று முழுதும் வராத சிரிப்பு அப்போது வந்தது. "எல்லாத்தையும் ஒத்துக்கிட்டு, அடியில கொண்டுபோய் எனக்குத் தெரியாதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கியே! இத எடுத்துட்டுப் போனா என்ன உள்ள விடுவாங்களா?"

ஷெகியோந்தோ தலையைக் குனிந்துகொண்டான். சிகுஜுவாவுக்குச் சிரிக்க வலுவில்லை. தாளைத் திரும்ப வாங்கினாள். கையெழுத்தின் கீழே பேனாவால் ஒரு வரி சேர்த்தாள்: நானும் நேரில் வருகிறேன், வியாழன், காலை 2 மணி.

ஸ்துமாய் அதை இரண்டாக மடித்து இடுப்புத் துணியில் செருகினாள், நன்றி சொல்லவில்லை. வாசல்வரை சென்று திரும்பி, "ஹெமேதி பெரியவரு உன்னயும் திட்டுவாரு. பதில் பேசாம நில்லு," என்றாள்.

"நிக்கறேன்க்கா."

கதவு சாத்திக்கொண்டது. சிகுஜுவா கைபேசியில் மறுநாளுக்கு அலாரம் வைத்தாள். விரல் ஆறரையைத் தொட்டது. உதடு பன்னிரண்டரை என்றது. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சிவப்பாய் நின்ற படிவத்தைத் திறந்தாள்.