எலக்ட்ரீஷியன் வீட்டு மோடம்

நாலு மணிக்கு அவளுடைய முதல் ஆன்லைன் வகுப்பு. அந்த நாற்பது நிமிடத்தைப் பார்த்துவிட்டுத்தான் பள்ளியில் அவளைக் கணக்கு டீச்சராக எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். மகள் பிறந்ததும் வேலையை விட்டவளுக்கு மூன்று வருடம் கழித்து வந்திருக்கும் வாய்ப்பு. இப்போது மணி மூன்று. மோடத்தின் பச்சை விளக்கோ, மூன்று வாரமாகச் செய்வதுபோலவே, பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அணைந்துகொண்டிருந்தது.

"ஏங்க, மறுபடியும் நெட் போயிடுச்சு."

கணவன் எலக்ட்ரீஷியன். அக்கம்பக்கத்தில் பாதி வீடுகளுக்கு வயரிங் செய்தவன். சொந்த வீட்டு மோடத்திடம் தோற்பதை அவனால் தாங்கவே முடியவில்லை.

"இருக்கறதுலயே பெரிய ஸ்பீடைத்தான் போட்டு வெச்சிருக்கேன். வயரோ சுவிட்சோ, பெரிய ரேட்டிங்கா போட்டா கெடுதலே இல்லம்மா."

"அது உங்க தொழில்ல. தள்ளுங்க, நான் பாக்கறேன்."

மோடத்தின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தாள். இணைப்பு முறைகளின் பட்டியல் வந்தது: ஏடிஎஸ்எல் டூ, ஏடிஎஸ்எல் டூ பிளஸ், ஜி.டிஎம்டி...

"என்னங்க இது, பஸ் ரூட் மாதிரி? இதுக்கெல்லாம் என்ன அர்த்தம்?"

அவன் காதைச் சொறிந்தான். "புதுசு எதுவோ அதைப் போட்டேன். அர்த்தமெல்லாம்... தெரியாது."

"மூணு வாரமா தெரிஞ்ச மாதிரியே தலையாட்டினீங்களே!" கோபத்தை மீறி அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மோடத்தோடு வந்த கையேட்டைத் தேடி எடுத்து, உரக்கப் படித்தாள். "தொலைபேசி நிலையத்திலிருந்து வீடு தூரமாக இருந்தால் சிக்னல் வலுவிழக்கும். அப்போது வேகமான முறையில் இணைப்பு அடிக்கடி துண்டிக்கப்படலாம்."

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அட! தோட்டத்துக் கோடியில மோட்டார் வெச்சா வோல்டேஜ் இறங்கிடுமே, அந்த மாதிரியா?"

"எக்ஸ்சேஞ்ச் எவ்வளவு தூரம்?"

"நாலு கிலோமீட்டர் தாராளமா இருக்கும். அங்க நான் ஃபேன் மாட்டியிருக்கேன். அவ்வளவு நீள வயர்ல இவ்வளவு ஸ்பீடைக் கேட்டா, பாவம், அது என்ன பண்ணும்?"

கையேட்டைப் பார்த்து, இருப்பதிலேயே பழைய, மெதுவான முறையான ஜி.டிஎம்டியைத் தேர்ந்தெடுத்தாள். விளக்கு சிமிட்டியது, பிறகு நிலைத்தது. எட்டு எம்பிபிஎஸ் என்று காட்டிய வேகம் மூன்றுக்கு இறங்கியிருந்தது.

"மூணு போதுமா?"

"நான் எழுதறது பிள்ளைங்களுக்குத் தெரிஞ்சா போதும்."

"அந்த முகத்துக்கு முப்பதாவது வேணுமே."

"வழியாதீங்க. மணி மூணே முக்கால்."

மகளைத் தூக்கிக்கொண்டு அவன் அடுத்த அறைக்குப் போனான். வகுப்பு தொடங்கிப் பத்து நிமிடம் கழித்துக் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தான். பச்சை. இருபது நிமிடத்திலும் பச்சை. உள்ளே அவள் பின்னக் கணக்குக்காக ஒரு ரொட்டியை ஐந்து பேருக்குப் பங்கு போட்டுக்கொண்டிருந்தாள். யாரோ ஒரு சிறுமி, "எனக்குப் பெரிய துண்டு வேணும் டீச்சர்!" என்று கத்த, திரை முழுக்கச் சிரிப்பு.

முடிவில் திரையிலிருந்து, வகுப்பைப் பார்த்துக்கொண்டிருந்த தலைமை ஆசிரியையின் குரல் கேட்டது. "திங்கட்கிழமையிலருந்து அஞ்சாம் வகுப்பு உங்களுக்குத்தான், டீச்சர்."

அவள் திரும்பிப் பார்த்தபோது அவன் மோடத்தின் மேல் ஒரு சீட்டை ஒட்டிக்கொண்டிருந்தான்: 'யாரும் தொடக்கூடாது.'

"யாரும்னா யாரு? பாப்பாவுக்குத்தான் எட்டாதே."

"எனக்குத்தான்" என்றான்.