இரண்டு கம்பெனியும் ஒரே வீடும்

உயர்நிலைக் கணக்கியல் என்ற பாடத்தைக் கண்டுபிடித்தவர் மட்டும் என் கையில் கிடைத்தால் சும்மா விடமாட்டேன். இரண்டு முறை அது என்னைக் கவிழ்த்திருக்கிறது. மூன்றாவது முறைக்கு மேல் எங்கள் பல்கலைக்கழகத்தில் யாரையும் எழுத விடுவதில்லை. ஆக, இதுதான் கடைசி. இதில் தேறினால் பட்டம். பட்டம் வந்தால் வேறு ஊரில் எனக்காகக் காத்திருக்கும் வேலை. வேலைக்குப் போனால் தனிக்குடித்தனம். என் கணவர் அப்படித்தான் வாக்குக் கொடுத்திருந்தார். தேறாவிட்டால் மாமனார் வீட்டிலேயே, தினமும் நாத்தனார் முகத்தில் விழித்துக்கொண்டு, காலமெல்லாம்.

நாத்தனாரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கணவரின் தங்கை, என்னைவிடச் சின்னவள். நான் தோற்றுத் தோற்று நின்ற இடத்திற்கு அவள் வளர்ந்து வந்து, அதே வகுப்பில் ஜம்மென்று உட்கார்ந்துவிட்டாள். வீட்டில் படிப்பதற்கு ஒரே மேசைதான். சன்னலோரம், நல்ல வெளிச்சம். நான் கல்யாணமாகி வந்ததிலிருந்து அது யாருக்கு என்பதில் உரசல். ஒரு நாள் விருந்தாளிகள் முன்னால், "ஃபெயிலாகறதுக்கு மேசை எதுக்கு அண்ணி, தரையே போதுமே" என்றாள். அவர்கள் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "முதல்ல வாயைக் கழுவிட்டு வா" என்றேன். அன்றோடு பேச்சு நின்றது.

பேச்சுதான் நின்றதே தவிர, சண்டை நிற்கவில்லை. அதை அத்தை வழியாக நடத்தினோம். அத்தை என்றால் என் மாமியார். பாவம், தையல் மெஷினில் உட்கார்ந்தபடியே இரண்டு பக்கமும் தூது போக வேண்டும்.

"அம்மா, குளியலறையை ஒருத்தர் குத்தகைக்கு எடுத்திருக்காங்களான்னு கேளும்மா" என்பாள் அவள், நான் மூன்றடி தள்ளி நிற்கும்போதே.

"அவசரம்னா பக்கத்து வீட்டுல போய்க் குளிக்கச் சொல்லுங்க அத்தை" என்பேன் நான்.

"காதுல விழுந்திருக்குமே, நான் வேற சொல்லணுமா?" என்று அத்தை முணுமுணுப்பார். இருந்தாலும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பி ஒப்பித்துவிடுவார். சொல்லாவிட்டால் பாத்திரங்கள் பேச ஆரம்பிக்கும் என்று அவருக்குத் தெரியும்.

வகுப்பிலும் எனக்கு நிம்மதி கிடையாது. எங்கள் பேராசிரியருக்குக் கடுகு என்று பட்டப்பெயர். ஆள் சின்னவர், எப்போது வெடிப்பார் என்று சொல்ல முடியாது. "இங்க பாதிப் பேர் தேறமாட்டீங்க. எந்தப் பாதின்னு எனக்கு இப்பவே தெரியும்" என்று முதல் நாளே சொன்னார். சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார். அந்தப் பார்வைக்காகவே எழுத்துத் தேர்வை முட்டி மோதித் தாண்டினேன். மிச்சம் இருந்தது ஒரே ஒரு செய்முறை. இரண்டு கம்பெனிகளின் கணக்கைச் சேர்த்து ஒரே கணக்காக்கி, எல்லார் முன்னாலும் பலகையில் எழுதிக் காட்ட வேண்டும். இரண்டிரண்டு பேராக. கணக்கு பொருந்தாவிட்டால் இரண்டு பேரும் காலி.

"சிநேகிதங்களைச் சேர்த்து விட்டா அரட்டைதான் நடக்கும். ரொம்பத் தள்ளித் தள்ளி உக்காந்திருக்கறவங்க ஜோடி" என்றார் கடுகு.

அந்த வகுப்பிலேயே ரொம்பத் தள்ளி உட்கார்ந்திருந்தது நாங்கள் இரண்டு பேர்தான். அவள் முதல் வரிசையில் சன்னல் பக்கம், நான் கடைசி வரிசையில் கதவுப் பக்கம். அவள் மூச்சு என்மேல் படக்கூடாது என்று நானே தேடிப் பிடித்த இடம்.

தாய்க் கம்பெனி எனக்கு, அதன் கையில் இருக்கும் துணைக் கம்பெனி அவளுக்கு. ஒரே வீட்டில் இருந்துகொண்டு தனித்தனியாகக் கணக்குப் போட்டோம். அவள் தன் தாள்களைத் தையல் மெஷின்மேல் வைப்பாள். அத்தை அதை என்னிடம் நீட்டுவார். என்னுடையது அதே வழியில் திரும்பிப் போகும். சேர்த்துப் பார்த்தபோது நாற்பதாயிரம் உதைத்தது. என் கம்பெனி விற்றதாக எழுதிய சரக்கில் கொஞ்சம் இன்னும் லாரியில் இருந்தது. அவள் கம்பெனிக்குப் போய்ச் சேரவில்லை. அதனால் அவள் வரவில் அது இல்லை. யாராவது ஒருவர் சரிசெய்தால் போதும். அவளிடம் போய்க் கேட்பதற்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்று, என் பக்கத்தில் நானே நாற்பதாயிரத்தைக் குறைத்துவிட்டேன்.

மறுநாள் பலகையில் நான் பாதி, அவள் பாதி எழுதினோம். கடுகு கைகட்டி நின்று பார்த்தார்.

"நாற்பதாயிரம் உதைக்குதே" என்றார்.

திரும்பத் திரும்பக் கூட்டினேன். இதற்கு முன்னால் என் பக்கம் நாற்பதாயிரம் அதிகம். இப்போது அவள் பக்கம் அதிகம்.

"கேள்வியில இருந்த தொகை இது இல்லையே. யார் மாத்தினது?"

"நான்" என்றேன்.

"நான்" என்றாள் அவளும்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. லாரியில் போன சரக்கை என் பக்கம் நான் சரிசெய்திருக்கிறேன், அவள் பக்கம் அவளும் சரிசெய்திருக்கிறாள்.

"ஒருத்தரை ஒருத்தர் கேக்கலையா? வீடு ரொம்பத் தூரமோ?" என்றார் கடுகு.

"ஒரே வீடு சார். அண்ணியும் நாத்தனாரும்" என்று முன்வரிசையில் ஒரு மகராசி போட்டுக் கொடுத்தாள்.

கடுகு சிரித்து நான் பார்த்தது அன்றுதான். சிரித்துவிட்டுக் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "பத்து நிமிஷம். ரெண்டு திருத்தத்துல ஒண்ணை அடிங்க. எதைன்னு ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணணும். பேசாம அடிச்சா பூஜ்யம்."

எதை அடிப்பது? விற்றவள் குறைப்பதா, வாங்கியவள் ஏற்றுவதா? போன முறை நான் தோற்றதும் இதே மாதிரி ஓர் இடத்தில்தான். அவளுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். அவளோ சன்னல் வழியாக எதையோ வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பின்னங்கழுத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு வெறுப்பு பொங்கியது. அவள் தோற்றால் அடுத்த வருடம் எழுதிக்கொள்வாள். எனக்கு அடுத்த வருடம் கிடையாது.

"எதை அடிக்கணும்?" என்றேன்.

அவள் சன்னல் கம்பியை விரலால் சுரண்டினாள்.

"இது எனக்குக் கடைசி தடவை. உனக்கே தெரியும். சொல்லு." இத்தனை பேர் முன்னால் அவளிடம் கெஞ்சுகிறோமே என்று கூசிப்போனேன்.

அவள் திரும்பினாள். என்னிடம் இல்லை, கடுகிடம். "சார், அவங்ககிட்ட சொல்லுங்க. சரக்கு கிளம்பியாச்சு, வித்தது வித்ததுதான். வாங்கினவங்கதான் 'வழியில இருக்கு'ன்னு எழுதிக்கணும். அதனால வித்தவங்க பக்கம் மாத்தினதை அடிக்கணும்."

"நான் என்ன உங்க வீட்டுத் தபால்காரனா? நேரா சொல்லு!"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "அடிங்க அண்ணி."

அடித்தேன். இரண்டு பக்கமும் பொருந்தின. "தேறிட்டீங்க. முதல்ல என் கண்ணு முன்னாடி நிக்காம போங்க" என்றார் கடுகு.

தாழ்வாரத்தில் அவள் வேகமாக நடந்தாள். எட்டிப் பிடித்து, "தேங்க்ஸ்" என்றேன்.

"எதுக்கு? நீங்க ஃபெயிலானா எங்க வீட்டுலயே இருந்துடுவீங்களேன்னு பயமா இருந்துச்சு. அதான் சொன்னேன். சீக்கிரம் கிளம்புற வழியைப் பாருங்க."

கிளம்புவதற்காகத்தான் நானும் இத்தனை பாடுபட்டேன். ஆனாலும் அவள் அதைச் சொன்னபோது எனக்கு வலித்தது. அழுதுவிடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு பேருந்தில் தனியாக உட்கார்ந்து வந்தேன்.

வீட்டுக்குள் எனக்கு முன்னால் ஓடினாள். "அம்மா! அண்ணி பாஸ்!" அந்தக் குரலில் இருந்த சந்தோஷம் நிஜம்.

தையல் மெஷின் நின்றது. அத்தை விரலில் நூலோடு எழுந்து வந்தார். "அண்ணின்னா சொன்னே? பேசிட்டீங்களா ரெண்டு பேரும்?" என்று கேட்டு, எங்கள் கைகளை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. "இந்த நாளுக்குத்தான்டி காத்திருந்தேன். இனிமே தனிக்குடித்தனம் எதுக்கு? வேலையை இங்கயே தேடிக்கலாம். மாடியில ஒரு ரூம் எடுத்துடலாம்னு மாமா சொல்லிக்கிட்டே இருக்கார். எல்லாரும் ஒண்ணாவே இருந்துடலாம்."

"வேணாம்!" என்று நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம்.

அத்தை எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு கைகளை விட்டுவிட்டுப் போய் மெஷினில் உட்கார்ந்தார்.

"அத்தை" என்றேன். "அம்மா" என்றாள் அவள்.

அவர் திரும்பவில்லை. "நான் ஒருத்தி நடுவுல இருக்கறது உங்க ரெண்டு பேருக்குமே தெரியல, இல்ல?" என்றார்.