பதில் கேட்காத இங்கிலீஷ்

அந்தப் பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி. சேர்வது குழந்தை என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அதெல்லாம் சும்மா. பரீட்சை அப்பா அம்மாவுக்கு. எதிரே உட்காரவைத்து இங்கிலீஷில் நாலு கேள்வி கேட்பார்கள். பதில் வந்தால் பிள்ளைக்கு இடம், வராவிட்டால் போயிட்டு வாங்க. மூன்றரை வயசு மஞ்சுஷாவின் படிப்பு இப்படி அவள் அம்மா ராக்கம்மாளின் வாயில் வந்து நின்றது.

அப்பா பாண்டியராஜ் கார்ப்பரேஷனில் குப்பை லாரி ஓட்டுகிறவன். "எனக்கு வண்டியோட பாஷதான் தெரியும். நீயே பேசிக்கோ" என்று முதல் நாளே கைகழுவிவிட்டான். மட்டாஞ்சேரியிலிருந்து எர்ணாகுளம் போய் இங்கிலீஷ் கிளாஸில் சேரலாமென்றால் பிள்ளையை யார் பார்ப்பது? வீட்டில் டி.வி. இருந்தது, கேபிள் இருந்தது, மார்ச் மாத இன்டர்வியூவுக்கு மூன்று மாசமும் இருந்தது. ராக்கம்மாள் சீரியல்களுக்கு முழுக்குப் போட்டுவிட்டு இங்கிலீஷ் சானல்கள் முன்னால் உட்கார்ந்தாள்.

முதல் வாரம் ஒரே இரைச்சல். இவர்களுக்கெல்லாம் மூச்சே முட்டாதா என்று இருந்தது அவளுக்கு. பிறகு இரைச்சலுக்குள்ளிருந்து ஒவ்வொரு வார்த்தையாகக் கழன்று விழ ஆரம்பித்தது. விழுந்ததையெல்லாம் ஒரு நோட்டில் மலையாள எழுத்தில் எழுதிக்கொண்டாள். மட்டாஞ்சேரியிலேயே வளர்ந்தவள், பள்ளிக்கூடத்தில் படித்தது அந்த எழுத்துதான். தமிழ் எழுத்து பஸ் போர்டு வாசிக்கிற அளவுக்கு மேல் தெரியாது.

வார்த்தை புரியப் புரிய, சந்தேகம்தான் அதிகமானது. டி.வி. சமையல் நிகழ்ச்சியில் ஓயாமல் பேசுகிற ஒரு வெள்ளைக்காரி முழுக் கோழியை அப்படியே சூட்டுப் பெட்டிக்குள் தள்ளினாள். ராக்கம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"ஒரு நல்லமொளகு கூடப் போடலியே! இந்த மட்டாஞ்சேரியிலேர்ந்து கப்பல் கப்பலாப் போகுதே, அதெல்லாம் எங்க போச்சு?" என்று பக்கத்து வீட்டு ரம்லத்திடம் கேட்டாள்.

"எனக்கென்ன தெரியும்? சாயாவக் குடி" என்றாள் ரம்லத். அவள் மகன் ஷிஹாப் போன வருஷம் அந்தப் பள்ளியில் சேர்ந்தவன். அந்த வகையில் அவள் அனுபவசாலி. "அது கிடக்கட்டும். அவங்க பேசுறது உனக்குப் புரியுதா?"

"எல்லாம் புரியுது ரம்லத்து!"

"பின்ன எந்தா பேடி? பயமே வேண்டாம், சீட்டு உனக்குத்தான்."

இரண்டு புத்திசாலிகளும் அதை நம்பிவிட்டார்கள்.

இன்டர்வியூ அன்று, கேள்வி கேட்க உட்கார்ந்திருந்த கன்னியாஸ்திரி சிஸ்டர் சிரித்த முகத்தோடு ஆரம்பித்தார். ஆகா, என்ன தெளிவு! ஒரு சொல் பாக்கியில்லாமல் ராக்கம்மாளுக்குப் புரிந்தது. உங்கள் மகளைப் பற்றிச் சொல்லுங்கள், வீட்டில் அவளுக்கு என்ன பிடிக்கும் என்றார் சிஸ்டர். ராக்கம்மாள் மஞ்சுஷாவை மடியில் வைத்தபடி கன்னத்தில் கைவைத்து, அடுத்து என்ன சொல்லப்போகிறார் என்று ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிஸ்டர் காத்திருந்தார். இன்னும் மெதுவாகக் கேட்டார். ராக்கம்மாள் சந்தோஷமாகத் தலையாட்டினாள். பாண்டியராஜ் முழங்கையால் இடித்தான். அவள் தள்ளி உட்கார்ந்தாள். சிஸ்டர் நன்றி சொல்லி ஃபைலை மூடினார்.

வராந்தாவுக்கு வந்ததும் பாண்டியராஜ் வெடித்தான்.

"ஏண்டி, வாயில என்ன கொழுக்கட்டையா?"

"அவங்க பேசிட்டிருந்தாங்க. நான் கேட்டுட்டிருந்தேன்."

"உன்கிட்டதாண்டி கேள்வி கேட்டாங்க!"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மூன்று மாசமாக டி.வி.யில் இங்கிலீஷ் அது பாட்டுக்குப் பேசியது, இவள் பாட்டுக்குக் கேட்டாள். ஒரு நாளாவது அது இவள் பதிலுக்காக நின்றதுண்டா? அடிப் பாவி, பிள்ளையின் படிப்பைக் கெடுத்துவிட்டேனே!

மகளை அவன் கையில் திணித்துவிட்டு விடுவிடுவென்று திரும்ப உள்ளே போனாள். அடுத்த ஜோடி உட்காரப் போன நேரம்.

"சிஸ்டர், ஒன் மினிட்!"

பிறகு வந்தது எல்லாம் உடைசல் இங்கிலீஷ், ஆனால் வந்தது. நீங்கள் சொன்னது முழுக்கப் புரிந்தது, டி.வி.யில்தான் படித்தேன், டி.வி. என்னை ஒன்றும் கேட்காது. இங்கிலீஷில் என்னிடம் கேள்வி கேட்ட முதல் ஆள் நீங்கள்தான். என் மகளுக்கு எறும்பு பிடிக்கும், எந்த எறும்பு எங்கே போகிறது என்று கேட்டு உயிரை எடுப்பாள்.

சிஸ்டர் மூடிய ஃபைலை மறுபடி திறந்தார். "நான் கேட்டது போதும். இனி நீங்கள் கேளுங்கள்" என்றார் இங்கிலீஷில்.

கேட்கச் சொன்னால் விடுவாளா? கப்பல் கப்பலாகப் போகிற அந்த மிளகில் ஆரம்பித்தாள். சிஸ்டர் ரோமில் நாலு வருஷம் இருந்தவராம். ஒரு பதிலுக்குள்ளிருந்து இன்னொரு கேள்வி கிளம்பியது. அடுத்த ஜோடி இரண்டு தரம் இருமிப் பார்த்தார்கள்.

வெளியே வரும்போது ராக்கம்மாளின் முகம் ஜொலித்தது.

"என்னாச்சு?" என்றான் பாண்டியராஜ்.

"மொளக மேசையில வெச்சு அவங்கவங்களே தூவிக்குவாங்களாம்!"

"சீட்டு என்னாச்சுடி?"

அவள் கை வாய்க்குப் போனது. "அய்யோ! அதக் கேக்கலியே!"

அவன் தலையில் அடித்துக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்தது. மஞ்சுஷாவின் அம்மா, திங்கட்கிழமை பத்து மணிக்குப் பிறப்புச் சான்றிதழோடு வாருங்கள், சேர்த்துக்கொள்கிறோம் என்றார் சிஸ்டர், இங்கிலீஷில்தான். பாண்டியராஜ் முழங்கையைத் தூக்கினான். அது வந்து இடிப்பதற்குள், வராந்தாவே திரும்பிப் பார்க்கிற மாதிரி ராக்கம்மாளின் குரல் கேட்டது.

"யெஸ் சிஸ்டர்! டென் ஓ கிளாக்! வி வில் கம்!"

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.