முத்துமீனா கட்டிய வரி

ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு வரி இருந்தது. தனியார் பள்ளிக் கட்டணத்துக்கான வரி அது. அதைப் பணமாக வாங்குவதில்லை. பிள்ளை அந்த வருஷம் நூறு விஷயம் படித்திருந்தால், பதினெட்டை வரி அலுவலகத்தில் கட்டிவிட வேண்டும். ஜன்னலில் இருக்கும் தகர டப்பாவில் வாயை வைத்து ஒரு தரம் சொன்னால் போதும், அது உள்ளே போய்விடும். பிள்ளைக்கு மறந்துவிடும். சேர்ந்ததை அரசுப் பள்ளிக்குக் கொடுத்துவிடுவோம். நான் மூன்றாவது ஜன்னலில் வேலை பார்த்தேன்.

வரிசையில் எப்போதும் வாக்குவாதம் நடக்கும்.

"வயித்தைக் கட்டிப் பிள்ளையப் படிக்க வச்சா அதுலயும் கைவைக்கணுமா?" என்பார் ஒருவர்.

"கவர்மெண்ட் பள்ளிக்கூடத்துல அஞ்சு கிளாஸுக்கு ஒரே டீச்சர். அந்தப் பிள்ளைக மட்டும் என்ன பாவம் செஞ்சுது?" என்பார் அடுத்தவர்.

வெயில் ஏறினால் இருவரும் ஒரே குடைக்குள் நின்று சண்டையைத் தொடர்வார்கள்.

பங்குனி பிறந்ததும் ஊரில் வரிப்பாடம் தொடங்கிவிடும். ஒன்றுக்கும் உதவாத பதினெட்டு விஷயங்களைப் பெற்றோரே பிள்ளைக்குச் சொல்லித்தருவார்கள். அதை டப்பாவில் கட்டிவிட்டு, பள்ளியில் படித்ததைப் பத்திரமாக வீட்டுக்குக் கூட்டிப்போவார்கள். எங்களுக்கும் இது தெரியும். டப்பாவுக்கு எண்ணிக்கை மட்டும்தான் தெரியும்.

அன்று காலையிலிருந்து அரசுப் பள்ளி ரெஜினா டீச்சர் என் ஜன்னலருகே நின்றுகொண்டிருந்தார்.

"போன வருஷம் நீங்க அனுப்பினதுல பல்லி மாதிரி கத்துறது மட்டும் நாப்பது சார். இப்ப என் பிள்ளைக அட்டெண்டன்ஸுக்கே அப்படித்தான் சொல்லுதுக. எனக்குப் பின்னக்கணக்கு வேணும். ஒண்ணாச்சும் வருதான்னு பாக்கேன்."

மினிபஸ் ஓட்டும் சுடலைமணி தன் மகள் முத்துமீனாவுடன் வந்தார். அவள் ஐந்தாம் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில், நிறுத்திவைத்த பஸ்ஸுக்குள் உட்காரவைத்து அவர் பதினெட்டும் சொல்லித்தந்திருந்தார். ஆடு திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்துவது, தண்ணீரில் விழுந்த எறும்பை ஊதி எழுப்புவது, ஹாரனைக் கேட்டே எந்த டிரைவர் என்று சொல்வது, இப்படி.

முத்துமீனா டப்பாவின் முன்னால் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"சொல்லுட்டி. ஆட்டுல ஆரம்பி."

"மாட்டேன்."

"ஏட்டி, பின்னால ஆளு நிக்காவ."

"பள்ளிக்கூடத்துல படிச்சதைத் தாரேன். பின்னக்கணக்கு முழுசும் எடுத்துக்கிடட்டும். இது நீங்க சொல்லித்தந்ததுப்பா."

சுடலைமணியின் குரல் இறங்கியது. "அந்தப் பின்னக்கணக்குக்குத்தான் தினமும் ரெண்டு ட்ரிப் கூட ஓட்டுதேன். ஆடு மாதிரி கத்தி நீ என்ன செய்யப்போற?"

"நீங்க ட்ரிப் போனப்புறம் வீட்டுல கத்திப் பாப்பேன்."

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

விதிப்படி நான் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. "அப்பா சொல்லித்தந்ததற்குக் கட்டணம் உண்டா?"

"உண்டு சார். நூறு மிதி. பஸ் ஓட்டி ஓட்டி அப்பாவுக்கு முதுகு வலிக்கும். குப்புறப் படுத்துக்கிடுவாங்க, நான் மேல ஏறி மிதிப்பேன்."

கட்டணம் வாங்குவதால், நான் பதிவேட்டைத் திறந்து சுடலைமணியையும் ஒரு தனியார் பள்ளி என்று எழுதிக்கொண்டேன். ஒரு பள்ளியின் வரிக்கு இன்னொரு பள்ளியின் பாடத்தைக் கட்ட முடியாது.

"பள்ளிக்குப் பேரு வைக்கணுமா சார்?" என்றார் சுடலைமணி.

"இஷ்டம் இருந்தால் வைக்கலாம்."

முத்துமீனா டப்பாவில் வாயை வைத்தாள். பாதி போனது. கால் போனது. முக்கால், அரைக்கால் என்று பதினெட்டும் ஒவ்வொன்றாகப் போயின. ஒவ்வொன்றுக்கும் சுடலைமணி கண்ணை மூடித் திறந்தார்.

அடுத்து சுடலைமணி பள்ளிக்கான வரி. பணம் வாங்காத பள்ளி என்றால் எதை வாங்குகிறதோ அதிலேயே வரி. நூறு மிதிக்குப் பதினெட்டு மிதி, அரசுப் பள்ளிக்குச் சேர வேண்டியது. ரெஜினா டீச்சர் கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, ஜன்னலுக்கு முன்னால் தரையில் குப்புறப் படுத்தார். முத்துமீனா செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். வரிசையில் நின்றவர்கள் சேர்ந்து எண்ணினார்கள்.

"கொஞ்சம் இடது பக்கம் கண்ணு," என்றார் டீச்சர். "இருபத்திரண்டு வருஷமா நின்னுக்கிட்டே இருக்கேன்."

பதினெட்டு முடிந்ததும் எழுந்து, கண்ணாடியை மாட்டி, டப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டார். "முப்பத்தோரு பிள்ளைக்கும் இது போதும் அண்ணாச்சி," என்று சுடலைமணியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

நான் வேறொரு டப்பாவை எடுத்து வைத்தேன். மற்றவர்களும் அதில் கட்டிவிட்டுப் போனார்கள். சுடலைமணி மட்டும் மகளுடன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு கடலைமிட்டாயை எடுத்து அவளிடம் கொடுத்தார்.

"பாதி உடைச்சு அப்பாவுக்குத் தாட்டி."

"பாதின்னா என்னப்பா?"

அவர் அவள் தலையில் கைவைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

"ஒண்ணுமில்ல. எனக்கும் தா."

அவள் உடைத்துக் கொடுத்தாள். அவர் கையில் ஒரு முழுக் கடலைமிட்டாய் இருந்தது. அவள் கையிலும் ஒன்று முழுசாக இருந்தது. அதை மறுபடி உடைத்து ஜன்னல் வழியாக எனக்கும் நீட்டினாள். அதுவும் முழுசாகத்தான் இருந்தது, ஓரம்கூட உதிரவில்லை.

சுடலைமணி தன்னுடையதைக் கடித்துக்கொண்டே எழுந்தார். அவள் அவர் விரலைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்து போனார்கள்.