மிர்தோ தேர்ந்தெடுத்த கிளட்ச்

எரிந்துபோன கிளட்ச் பிளேட்டைச் செய்தித்தாளில் வைத்து மெக்கானிக் ஸீசிஸ் என்னிடம் நீட்டினார். இரண்டு பக்கமும் கருகியிருந்தது. முடி பொசுங்கிய வாடை.

"மோந்து பாருங்க எஞ்சினியரே. போன அக்டோபர்ல நான் புதுசா மாட்டினது. வறுத்து எடுத்திருக்கான் உங்க மச்சினன்."

வண்டி பட்டறைத் தூக்கியில் தொங்கியது. கியர்பாக்ஸைக் கழற்றிக் கீழே வைத்திருந்தார். ஜப்பானில் செய்த பழைய இரண்டு கதவு வண்டி. அதற்கு எஞ்சின் பலத்தைக் கூட்டும் பெரிய டர்போ வைத்தவள் மிர்தோ. இருக்கையைச் சுற்றி இரும்புக் குழாய்க் கூண்டை வெல்டு செய்தவளும் அவள்தான். முன்கண்ணாடிக்குக் கீழே, வெளிப்பக்கம், ஒரு சிவப்பு வளையம். பந்தய வண்டி எல்லாவற்றிலும் இருக்கும். இழுத்தால் மின்சாரம் அறுந்து எஞ்சின் நின்றுவிடும். உள்ளே இருப்பவனால் முடியாதபோது வெளியே இருப்பவன் இழுப்பதற்கு.

மிர்தோ என் மனைவி. தவக்காலத் தொடக்கத்தில் இறந்தாள். வண்டியில் அல்ல, ரத்தப் புற்றுநோயில். எனக்கு முப்பத்தொரு வயது. பம்பு தொழிற்சாலைக்குப் போகிறேன், வருகிறேன், சாப்பிடுகிறேன். வண்டி என் பெயருக்கு வந்தது. சாவியை அவள் தம்பி லாம்ப்ரோஸ் எடுத்துக்கொண்டான். நான் தடுக்கவில்லை.

அந்த வாரம் சனிக்கிழமை அவளுடைய நாற்பதாம் நாள் நினைவுச் சடங்கு. மறுநாள் பெத்ரோவூனி மலையில் கார் ஏற்றப் பந்தயம்; ஒவ்வொரு வண்டியாகத் தனியே ஏறும். அந்தப் பாதையின் வளைவுகளில் தகரக் கூண்டுகள் நிற்கின்றன. உள்ளே எண்ணெய் விளக்கு, ஒரு புகைப்படம், வாடிய பூ. அந்தந்த இடத்தில் பள்ளத்தில் விழுந்து இறந்தவர்களுக்கு வீட்டார் வைத்தவை. லாம்ப்ரோஸ் தினமும் சாயங்காலம் அங்கே ஓட்டிப் பழகினான். அவன் அம்மா ஒருநாள் என் வீட்டுக்கு வந்து, உட்காராமல் சொன்னாள்:

"கூண்டுக்கு ஒரு சாண் தள்ளி டயர் தடம் கிடக்காம், மாப்பிள்ளை. ரொட்டிக்காரன் பாத்துட்டு வந்து சொன்னான். நீங்க சொன்னா கேப்பான். இன்னொரு கூண்டு வைக்க எனக்குத் தெம்பில்ல."

சரி என்றேன். அவனிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்வதற்குள் கிளட்ச் எரிந்துவிட்டது.

ஸீசிஸ் மூன்று பிளேட்டுகளை மேசையில் வைத்தார். முதலாவது எரிந்ததைப் போன்றதே. மெதுவாகப் பிடிக்கும், எஞ்சின் பலம் அளவு மீறினால் வழுக்கும். இரண்டாவது அதைவிடக் கெட்டி. மூன்றாவதில் வட்டம் முழுக்க உராய்வுப் பட்டை கிடையாது. நட்சத்திரக் கைகளின் நுனியில் பீங்கான் கலந்த துண்டுகள் மட்டும்.

"இது வழுக்காது. கடிச்சா கடிச்சதுதான். வளைவு நடுவுல டர்போ மூச்சு விட்டுச்சுன்னா அத்தனை பலமும் பின்சக்கரத்துக்குப் போய் வண்டியைச் சுழட்டிடும். ஓட்டுறவன் கை பதமா இருக்கணும். உங்க வண்டி, நீங்க சொல்லுங்க."

எது என்றாலும் சரி என்று சொல்லத்தான் வந்திருந்தேன். வாயைத் திறப்பதற்குள் லாம்ப்ரோஸ் உள்ளே வந்தான். கறுப்புச் சட்டை, மழிக்காத தாடி. கையில் ஐஸ் காபி. வந்ததும் மூன்றாவதைத் தூக்கினான்.

"இதான் மேஸ்திரி. இதுல என்ன பேச்சு?"

"எத்தனை குதிரை சக்தி இருக்குடா வண்டியில?"

"நானூறு."

ஸீசிஸ் சிரித்தார். "அப்ப இருநூத்தி எழுபது. ரெண்டாவதே தாராளம்."

பெத்ரோவூனிக்குக் கீழே இருக்கிறவர்கள் எல்லோருமே குதிரைக் கணக்கைக் கூட்டித்தான் சொல்வார்கள். அதனால் ஸீசிஸ் யார் எதைச் சொன்னாலும் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிடுவார். தேவாலயத்துப் பாதிரியார் தன் வேனைப் பற்றிச் சொன்னாலும் கழிப்பார்.

"என்னைப் பாத்தா வாய்ச்சவடால் விடுறவன் மாதிரியா இருக்கு?"

"உங்கப்பன் டிராக்டருக்கே இருநூறு குதிரைன்னு சொன்ன ஆளு. உன்ன எப்படிடா நம்புறது?"

லாம்ப்ரோஸ் சிரிக்கவில்லை. நான் குனிந்து ஃப்ளைவீலைப் பார்த்தேன். கிளட்ச் அழுந்திப் பிடிக்கும் அந்த எஃகு வட்டின் மேல் நீலத் தழும்புகள். தள்ளும் எஞ்சினின் பலம் பிடிக்கும் கிளட்ச்சின் பலத்தைவிட மிக அதிகமாக இருந்தால்தான் எஃகு அப்படி நீலம் பாயும். பம்பு வேலையில் இதையெல்லாம் பார்த்திருக்கிறேன். இருநூற்று எழுபதுக்கு இப்படி ஆகாது.

"அவன் பொய் சொல்லல. நானூறு இருக்கும்" என்றேன்.

ஸீசிஸ் கையைத் துடைப்பதை நிறுத்தினார். "அக்டோபர்ல மிர்தோ என்கிட்ட முந்நூறுன்னு சொன்னாளே. நான் வழக்கம்போலக் கழிச்சு இருநூறுக்கு மாட்டினேன்."

"நீங்க கழிப்பீங்கன்னு அவளுக்குத் தெரியாதா?"

"தெரியாம என்ன? சின்ன வயசுலேர்ந்து இங்கதான கிடந்தா." சற்று யோசித்தார். "கெட்டியானதையே போடலாமேன்னு கேட்டேன் எஞ்சினியரே. வேணாம்னுட்டா. முன்னாடி இருந்ததும் நல்லாத்தான் இருந்துச்சு. அத எதுக்குக் கழட்டச் சொல்றாள்னு எனக்குப் புரியல. உடம்பு முடியாத பொண்ணுகிட்ட என்னத்த வாதாடுறது?"

அக்டோபரில் மருத்துவர்கள் எங்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தார்கள். இனி தான் ஓட்டப்போவதில்லை என்பது மிர்தோவுக்குத் தெரியும். யார் ஓட்டுவான் என்பதும் தெரியும். எல்லோரும் கூட்டிச் சொல்லும் ஊரில் அவள் ஒருத்தி குறைத்துச் சொல்லியிருக்கிறாள். ஒருமுறை கட்டிலில் படுத்தபடி என்னிடம் சொன்னது நினைவுக்கு வந்தது: "கிளட்ச் எரிஞ்சா வண்டி பள்ளத்துக்குப் போகாம ரோட்டுலயே நின்னுடும். ஒரு வண்டிக்கு அதுதான் இருக்குறதுலயே நல்ல சாவு." மருந்து மயக்கத்தில் பேசுகிறாள் என்று நினைத்தேன்.

முதல் பிளேட்டைத் தொட்டேன். "இதையே போடுங்க."

"அத்தான், விளையாடாதீங்க. மூணாவது வளைவுலயே புகைஞ்சிடும்."

"புகையட்டும்."

"அக்கா பேருல ஓட்டுறேன். அவ நாற்பதுக்கு மறுநாள். பாதி மலையில தள்ளிக்கிட்டு வரச் சொல்றீங்களா? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். வண்டி என் பேருல இருக்கு."

இறுதிச்சடங்குக்குப் பிறகு நான் ஒரு விஷயத்தில் இதுதான் வேண்டும் என்று சொன்னது அதுவே முதல் தடவை. லாம்ப்ரோஸ் காபிக் குவளையை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனான். பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது.

சனிக்கிழமை தேவாலயத்தில் நாற்பதாம் நாள் வழக்கப்படி வேகவைத்த கோதுமையைச் சர்க்கரையும் மாதுளையும் கலந்து காகிதப் பைகளில் கொடுத்தார்கள். லாம்ப்ரோஸ் என் பக்கத்தில்தான் நின்றான். வந்தவர்களுக்கெல்லாம் கைகொடுத்தான். அவன் அம்மா என் கையைப் பிடித்து, "பேசிட்டீங்களா?" என்றாள். "ஆச்சு" என்றேன். அவள் அன்று கொஞ்சம் சாப்பிட்டாள்.

ஞாயிறு காலை மலையடியில் கூட்டம். இறைச்சி வாட்டும் புகை. வண்டிகள் ஒவ்வொன்றாகத் தொடக்கக் கோட்டுக்கு நகர்ந்தன. நான் தடுப்புக் கயிற்றுக்கு அருகே நின்றேன். மிர்தோவின் வண்டி வரிசையில் நகர்ந்து வந்தது.

சத்தம் முதலில் காதில் விழுந்தது. மெதுவாகப் பிடிக்கும் கிளட்ச் சத்தமில்லாமல் நகரும். இது நகரவில்லை; உதறியது. ஒவ்வொரு முறை முன்னே வரும்போதும் தடதடவென்று அடித்து, முகப்பு நடுங்கி, ஒரு துள்ளு துள்ளி நின்றது. கடிக்கும், விடும், கடிக்கும்.

ஸீசிஸ் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"அந்த மூணாவத நான் போடல. என் பிள்ளைங்க மேல சத்தியம். வெள்ளிக்கிழமை நீங்க சொன்னதைப் போட்டுத்தான் கொடுத்தேன். வேற எவன்கிட்டயோ போயிருக்கான்."

கயிற்றுக்கு அடியில் குனிந்து போனேன். யாரோ கத்தினார்கள். லாம்ப்ரோஸ் ஜன்னல் வலையைக் கொஞ்சம் இறக்கினான். ஹெல்மெட்டுக்குள் அவன் கண்கள் மட்டும் தெரிந்தன. அக்காவின் கண்கள். இருக்கை வார்ப்பட்டைக்குள் நேற்றைய கோதுமைப் பையைச் செருகியிருந்தான்.

"லாம்ப்ரோ, அந்தக் கிளட்ச்ச அக்கா போட்டது உனக்காக."

"தெரியும் அத்தான்."

"எப்பத்திலேர்ந்து?"

"எரிஞ்ச அன்னிக்கே. அவதான வண்டி ஓட்டவே கத்துக்கொடுத்தா. அவ போடுற கணக்கு எனக்குத் தெரியாதா?" குரல் சாதாரணமாக இருந்தது. கடைக்குப் போய்வருகிறேன் என்பதுபோல. "நகருங்க. எனக்கு நேரமாச்சு."

வலையை ஏற்றிக்கொண்டான். எனக்கு அந்தக் குரலைத் தெரியும். எது நடந்தாலும் சரி என்பவனின் குரல். நாற்பது நாளாக நானும் அதில்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

வண்டி உதறிக்கொண்டு கோட்டுக்கு வந்தது. பந்தய அதிகாரி என் தோளைப் பிடித்து இழுத்தார். விளக்கு சிவப்பில் இருந்தது. எஞ்சின் ஏறியது, டர்போ ஊளையிட்டது, காலடியில் தார் அதிர்ந்தது. மேலே முதல் வளைவில் ஒரு கூண்டின் கண்ணாடி வெயிலில் மின்னியது.

அதிகாரியின் கையை உதறிவிட்டு முகப்பின் மேல் சாய்ந்து சிவப்பு வளையத்தை இழுத்தேன். பலம் தெரியாமல் இழுத்திருக்கிறேன். வளையம் கம்பியோடு கையில் வந்துவிட்டது.

சத்தம் அறுந்தது. விளக்கு பச்சையானது. லாம்ப்ரோஸ் சாவியைத் திருப்பினான். ஒன்றுமில்லை. மறுபடியும் திருப்பினான். பச்சை அணைந்து சிவப்பு வந்தது. கொடிக்காரர் வண்டியை ஓரம் தள்ளச் சொன்னார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். "கிளம்பவே இல்லையே தம்பி! நானூறு குதிரையும் தூங்கிடுச்சா?"

நானும் ஸீசிஸும் ஓரம் தள்ளினோம். லாம்ப்ரோஸ் இறங்கினான். அடிப்பான் என்று நினைத்தேன். ஹெல்மெட்டைக் கழற்றி முகப்பின் மேல் வைத்தான். கோதுமைப் பையைப் பிரித்து ஒரு கை எடுத்து வாயில் போட்டான். எனக்கும் நீட்டினான். வாங்கிக்கொண்டேன்.

"அடுத்த மலைப் பந்தயம் பதினஞ்சாந் தேதி" என்றான் மென்றபடி. "அதுக்கும் வருவீங்களா அத்தான்?"

"வருவேன்."

"அதுக்கடுத்ததுக்கு?"

பின்னால் அடுத்த வண்டி கிளம்பியது. சத்தம் வளைவு வளைவாக மேலே போய், பாறைக்குப் பின்னால் மறைந்தது. அவன் தலையைச் சாய்த்து அது திரும்பக் கேட்கும்வரை காத்திருந்தான். நான் வளையத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.