பஸ்ஸில் போன வீடு

புறாவின் மரபணுவைக் கலந்து உருவாக்கிய ஏழு பிள்ளைகளும் அந்த மாதத்தில் மூன்றாவது தடவையாக ஆய்வுக்கூடத்து மதிலைத் தாண்டி, மதியச் சாப்பாட்டு நேரத்துக்குத் தையல்காரியின் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். எங்கே கொண்டுபோய் விட்டாலும் திரும்பி வரும் தூதுவர்கள் வேண்டுமென்றுதான் நிறுவனம் அவர்களைச் செய்தது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஆய்வுக்கூடம் எழும்பச் சில வருடங்கள் ஆகுமென்று, கடைத்தெருவில் தையல்காரியின் மாடியை வாடகைக்கு எடுத்து, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவும் அவளிடமே சொல்லியிருந்தார்கள். பழகிய கூட்டைப் புறா விடாது என்பது நிறுவனத்தில் இருந்த படித்தவர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். அந்த நேரத்தில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. பிள்ளைகள் தவழ்ந்தது, நடந்தது, பல் முளைத்தது எல்லாம் அந்த மாடியில்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் கட்டடம் முடிந்து அவர்களை மாற்றினார்கள். அன்றைக்கே திரும்பிவிட்டார்கள்.

மதிலை உயர்த்தினார்கள், பிள்ளைகள் பால் வண்டியில் வந்தார்கள். பால் வண்டியைச் சோதித்தார்கள். சலவைக் கூடைகளில் வந்தார்கள். மூத்தவளுக்குப் பதினைந்து வயதாவதற்குள், பிடித்துக்கொண்டு போக வரும் டிரைவர் தன் சட்டையைத் தைக்கக் கொடுத்துவிட்டுத் திண்டில் சாய்ந்து காத்திருக்கப் பழகிவிட்டார். "மெதுவா சாப்பிடுங்க, எனக்கு இன்னும் பட்டன் வைக்கல" என்பார்.

கடைசியில், பிள்ளைகள் கண்ணாடிக்காரர் என்று அழைக்கும் மேலதிகாரிக்கு மூளை வேலை செய்தது. கூட்டையே கலைத்துவிட்டால் புறா எங்கே போகும்? நிறுவனம் அந்த வீட்டை விலைக்கு வாங்கி இடித்துப் போட்டது. செய்தியை மூத்தவளிடம் சொன்னவர் டிரைவர்தான்.

"அத்தை எங்க போனாங்க?" என்று கேட்டாள்.

"தெரியலம்மா. இன்னைக்குக் காலைல தையல் மெஷினத் தூக்கிட்டுக் கிளம்பிட்டாங்களாம்."

மதிலுக்கோ நாய்க்கோ பயப்படாதவளுக்கு அன்றுதான் பயம் வந்தது. கண்ணை மூடினால் கடைத்தெருப் பக்கமாக நெஞ்சுக்குள் ஓர் இழுப்பு எப்போதும் இருக்கும். இனி அது நின்றுபோகும். நின்றுபோனால் தாங்கள் ஏழு பேரும் யார் வீட்டுப் பிள்ளைகள் என்று அவளுக்குத் தெரியவில்லை. சாப்பாட்டு மேசையில் தம்பி தங்கைகளின் முகத்தைப் பார்க்கவே துணிவில்லை. பார்த்தபோது எல்லோரும் தட்டை விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்கள். கடைத்தெரு இருப்பதோ கதவுப் பக்கம். கடைக்குட்டி நாற்காலியை இன்னும் கொஞ்சம் திருப்பினான்.

"அக்கா, நம்ம வீடு நகருது" என்றான்.

அவள் கண்ணை மூடினாள். இழுப்பு நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது. நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்று ஆளேற்றிக்கொண்டு போகும் பஸ்தான் அப்படிப் போகும். மூத்தவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. வீடென்று செங்கல்லை நினைத்தது நிறுவனம் மட்டுமல்ல, அவளும்தான்.

"எந்திரிங்க. அத்தை பஸ்ல போறாங்க."

டிரைவர் வண்டியின் பின்கதவைத் திறந்துவிட்டு, எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்டார். கடைசி நிறுத்தத்தில் தையல்காரி மெஷினோடு இறங்கத் திணறியபோது, படிக்குக் கீழே ஏழு பேர் நின்றார்கள். அவள் மெஷினைப் படியிலேயே வைத்தாள். பிறகு, "பாத்துக்கிட்டு நிக்காம ஆளுக்கொரு பக்கம் பிடிங்க" என்றாள்.

வீடே நடமாடுமென்றால் தூது எப்படி அனுப்புவது என்று நிறுவனம் பிள்ளைகளைக் கைகழுவிவிட்டது. இப்போதும் தையல்காரி நூல் வாங்கத் தெருவில் இறங்கினால், அந்தக் கடைசி நிறுத்தத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வெவ்வேறு வகுப்புகளில் ஏழு தலைகள் மெல்ல ஒரே பக்கமாகத் திரும்பும். வாத்தியார்கள் பாடத்தை நிறுத்துவதில்லை.